பதினொன்றில் ஒரு குழி

"டீச்சர், எனக்குத் தாளம் நிக்க மாட்டேங்குதுங்க."

செலின் கிடாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க போகுது சார்?"

"தெரிஞ்சா புடிச்சு வெச்சிருக்க மாட்டேனுங்களா?"

கேட்டவர் நாச்சிமுத்து. கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை வைத்திருப்பவர். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

குரு செலினுக்கோ அவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். ஸ்பெயின் தேசத்தில் ஹெரெஸ் என்கிற ஊரில் பல வருஷம் இருந்து, ஃபிளமென்கோ கிடாரும் ஆட்டமும் கற்றுத் திரும்பியவர். திருச்சி ரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் வகுப்பு நடத்துகிறார்.

குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார். இதில் யாரிடம் யார் கற்கிறார் என்று கீழே டயர் கடைக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"வீட்ல என்ன வெச்சுப் பழகறீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நாச்சிமுத்து காத்திருந்தார். பையைத் திறந்தார்.

முதலில் ஒரு மெட்ரோனோம் வந்தது. சாவி கொடுத்தால் இப்படியும் அப்படியும் ஆடி 'டக் டக்' என்பது. பிறகு சாவி வேண்டாத இன்னொன்று. பிறகு கைபேசி, அதில் பன்னிரண்டு விளக்குகள் வட்டமாகச் சுற்றி எரிகிற ஒரு ஆப். ஹெரெஸ்காரர்கள் கைதட்டியதைப் பதிவு செய்த ஒலிகள், மெதுவானதும் வேகமானதும். காலில் மாட்டிக்கொள்ள ஒரு சலங்கை. ஹெட்போன். ஏறி உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மரப்பெட்டி பையில் அடங்காததால், அதை மாடிப்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் செலின்.

"இன்னொண்ணு வண்டியில இருக்குதுங்க. தூக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

டயர் கடைக்காரர் வந்து ஒரு கை பிடித்தார்.

அது நாச்சிமுத்து தாமே செய்த மிஷின். பழைய வைப்பர் மோட்டார். அதன் தலையில் பன்னிரண்டு பல் வைத்த இரும்புச் சக்கரம்.

ஃபிளமென்கோவில் புலேரியாஸ் என்று ஒரு துள்ளல் ஆட்டம் உண்டு. பன்னிரண்டு தட்டு ஒரு சுற்று. பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு, பத்து ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். அதனால் அந்த ஐந்து பற்களை மட்டும் உயரமாக வெட்டியிருந்தார். சக்கரம் சுற்றினால் ஒரு சின்னச் சுத்தியல் எவர்சில்வர் மூடியில் அடிக்கும்.

மூடி, துளசிமணியின் முறுக்கு டப்பாவினுடையது. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

*

துளசிமணி நாச்சிமுத்துவின் மனைவி. இத்தனை கூத்தும் அவருக்காகத்தான்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று துளசிமணி ஜும்பா வகுப்புக்குக் கிளம்பினார். வேறு மாடி ஏறிவிட்டார். கதவைத் திறந்தால், செலின் ஆணி அடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு தரையை அடித்துக்கொண்டிருந்தார்.

துளசிமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்தான். ஜும்பா வகுப்பு எந்த மாடியில் என்று அப்புறம் விசாரிக்கவே இல்லை.

வகுப்புக்குக் கிளம்புகிற அன்று மட்டும் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாச்சிமுத்து கிடார் வாங்கினார்.

"நீ ஆடு. நான் வாசிக்கறேன்," என்றார்.

இப்போது வகுப்பின் விழா வருகிறது. துளசிமணி முதல் தடவையாகத் தனியே ஆடப்போகிறார். கூட வாசிக்கப்போவது யார்? அதுதான் பிரச்சினை.

போன வாரம் ஒத்திகையில் நாச்சிமுத்துதான் வாசித்தார். துளசிமணி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டுக்கு நின்றார். தட்டு வரவில்லை. தடுமாறிச் சுவரைப் பிடித்தார். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் சுவர்தான் கைகொடுத்தது.

"எனக்கு டீச்சரே வாசிக்கட்டுங்க," என்றார் துளசிமணி.

கல்யாணமான நாளிலிருந்து துளசிமணி 'வேண்டாம்' என்று சொல்லி நாச்சிமுத்து கேட்டதில்லை. அவர் சொன்னதில்லையா, சொல்லியும் இவர் கேட்டதில்லையா என்பது வேறு விஷயம். அன்றைக்குக் கேட்டது.

*

"மிஷினைப் போடுங்க சார்," என்றார் செலின்.

போட்டார். மூடி அலறியது. நாச்சிமுத்து கூடவே வாசித்தார். ஒரு பிசகு இல்லை.

"பாத்தீங்களா டீச்சர்!"

செலின் பிளக்கைப் பிடுங்கினார்.

நாச்சிமுத்துவின் கை மட்டும் தனியாக ஓடியது. செலின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அங்கதான்."

"எங்கீங்க?"

"பத்துக்கு அப்புறம் ஒரு குழி இருக்குது. ஒவ்வொரு சுத்துலயும் அதுல இறங்கி ஏறி வர்றீங்க. துளசிமணி அக்கா அங்கதான் விழறாங்க."

"பதினொண்ணாவது பல்லு தேஞ்சிருக்குமுங்களா?"

"மிஷினை நிறுத்தியாச்சு சார்."

நாச்சிமுத்து அப்படியும் குனிந்து பதினொன்றாவது பல்லைத் தடவிப் பார்த்தார். தேயவில்லை.

"நான் விடமாட்டேனுங்க டீச்சர். அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்."

"நகரும். ஆடுமா?"

நாச்சிமுத்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

*

அடுத்த முறை தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க ஹெரெஸ்ல எதை வெச்சுப் பழகினீங்க?"

"பாத்திரம் கழுவினேன்."

"அது பொழப்புக்குங்க. தாளத்துக்கு?"

"அதான் சார். ஒரு சின்ன ஹோட்டல். நான் கழுவுவேன், ஒருத்தர் துடைப்பார், இன்னொருத்தர் அடுக்குவார். பாடிட்டேதான் செய்வாங்க. பீங்கான் தட்டு கைமாறும். நான் பிசகினா ஒடைஞ்சிரும்."

நாச்சிமுத்து தன் வீட்டுப் பாத்திர அலமாரியை மனசுக்குள் திறந்து பார்த்தார்.

"எங்க வீட்ல எல்லாம் எவர்சில்வருங்க," என்றார் கவலையாக. "ஒடையாது."

செலின் அவர் கையிலிருந்து கிடாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார்.

"வாயால எண்ணுங்க."

"வாயாலயா?"

"வாசிக்கறப்ப மனசுக்குள்ள எண்ணறீங்கல்ல? அதை வெளிய சொல்லுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

செலின் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்.

"வேகமா."

எண்ணினார்.

"இன்னும்."

வேகம் ஏறியது. ஒன்பதில் லேசாக இடறினார். சமாளித்துக்கொண்டார். பத்தைத் தாண்டினார். 'பதினொ...' என்று இழுப்பதற்குள் செலினின் விரல் பன்னிரண்டைத் தட்டிவிட்டது.

"மறுபடி."

மறுபடியும் 'பதினொ...'. மறுபடியும் விரல் முந்திக்கொண்டது.

நாச்சிமுத்து நிறுத்தினார். மேசையைப் பார்த்தார். தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர்! வார்த்தை நீளமுங்க!"

செலின் சிரித்துவிட்டார்.

"மத்ததெல்லாம் குட்டைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒம்பது கொஞ்சம் பரவால்ல. இந்தப் பதினொண்ணும் பன்னெண்டும் நீளம்! நாக்கு சொல்லி முடிக்கட்டும்னு கை காத்துக்கிட்டு நின்னிருக்குதுங்க!"

லேத் பட்டறைக்காரருக்கு நீளம் பிடிபட்டுவிட்டது. அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. எழுந்து நின்றே எண்ணினார்.

"அந்த ஊர்க்காரங்க எப்பிடிங்க சமாளிக்கறாங்க? அவங்க வார்த்தை குட்டையா?"

"அவங்களுக்கும் அங்க நீளந்தான். நெறையப் பேரு பத்துக்கப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. திரும்ப ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆரம்பிப்பாங்க."

"தப்பில்லீங்களா? பதினொண்ணைப் போயி ஒண்ணுன்னு சொன்னா?"

"நீங்க தாளம் போடறீங்களா, கணக்குப் பரீட்சை எழுதறீங்களா?"

*

அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

குளிக்கும்போது எண்ணினார். சிக்னலில் நிற்கும்போது எண்ணினார். பட்டறையில் ஷாஃப்ட் எண்ணும்போதும் பத்துக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டு என்றார். டஜன் டஜனாகப் போகவேண்டிய பெட்டிகளில் கூடவும் குறையவும் என்னென்னவோ போயிற்று. பல்லடத்துக்காரர் ஒருவர் போன் போட்டுக் கத்தினார்.

"தாளத்துல இருந்தனுங்க," என்றார் நாச்சிமுத்து. பல்லடத்துக்காரருக்குப் புரியவில்லை.

ஆனால் குழி மூடிவிட்டது. மிஷின் இல்லாமல் வாசித்தார். ஆப் இல்லாமல் வாசித்தார். செலின் கண்ணை மூடிக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"சுத்தமா இருக்குது சார்."

நாச்சிமுத்து அன்றைக்கே போய் முறுக்கு டப்பாவின் மூடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். அது மூடுகிற நிலையில் இல்லை. துளசிமணி வாங்கி வைத்துக்கொண்டார்.

*

இரண்டாவது ஒத்திகை.

நாச்சிமுத்து குனிந்து, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். துளசிமணி ஆடினார். தடுமாறவில்லை. சுவருக்கு வேலையில்லை.

முடித்ததும் நாச்சிமுத்து நிமிர்ந்தார். பத்தாம் வகுப்புப் பையன் மார்க் ஷீட்டை நீட்டுகிற மாதிரி முகத்தை நீட்டினார்.

"எப்பிடி?"

"சரியாத்தானுங்க இருந்துச்சு."

"ஒரு தப்பு உண்டா?"

"இல்லீங்க."

"அப்ப விழாவுக்கு நானே..."

துளசிமணி குனிந்து ஷூவின் வாரைக் கழற்றினார்.

"டீச்சரே வாசிக்கட்டுங்க."

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியும் வேண்டாம் என்றால் யாருக்கும் வரும்.

"இன்னும் என்னதாங்க குறை?" என்றார் செலினிடம்.

"அக்கா நடுவுல ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நீங்க போகலை."

"கூப்பிட்டாளா? ஒரு சத்தமும் கேக்கலீங்களே!"

"காலால கூப்பிட்டாங்க. இந்த ஆட்டத்துல அதுக்கு 'யமாதா'ன்னு பேர்."

"எமதர்மராஜாவுக்குச் சொந்தமுங்களா?"

"கூப்பிடறதுன்னு அர்த்தம் சார். தரையில ஒரு அடி விழும். 'நான் இங்க நிறுத்தப்போறேன், வா'ன்னு கிடாரைக் கூப்பிடற அடி. கிடார் உடனே போகணும். போகலைன்னா அவங்க நிறுத்த முடியாது. உங்க பின்னாலயே ஓடிட்டு இருக்கணும்."

நாச்சிமுத்து காதில் வாங்கிக்கொண்டார். கோபம் இறங்கி வேலை மூளை எழுந்துகொண்டது.

"அது எத்தனாவது சுத்துலங்க வரும்?"

"அவங்களுக்குத் தோணறப்ப."

"தோணறப்பன்னா... அதை எந்தப் பல்லுலங்க வெக்கறது?"

செலின் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

"வாங்க டீச்சர். இதையெல்லாமா கேட்டுட்டு இருப்பீங்க?"

*

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாச்சிமுத்து தேடிப் பிடித்துவிட்டார்.

கிடார் பழகுகிறவர்களுக்கென்றே செய்த பதிவு. யாரோ ஒரு ஆட்டக்காரி, எதிர்பாராத இடத்திலெல்லாம் காலால் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் வேறு இடம். அவள் கூப்பிட்டதும் நாம் போய் நிற்கவேண்டும்.

செலின் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஹெட்போன்ல கேக்கறேனுங்க. நீங்க என் கையை மட்டும் பாருங்க."

ஹெட்போனை மாட்டினார். வாசிக்கத் தொடங்கினார்.

சமையலறையில் குக்கர் அடங்குகிற சத்தம். பிறகு துளசிமணியின் குரல்.

"ஏனுங்க."

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். இதுதான் பேர்.

நாச்சிமுத்துவின் கை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க!"

இந்த முறை கொஞ்சம் நீண்டது. நாச்சிமுத்து கண்ணைச் சுருக்கி, ஹெட்போனுக்குள் இருந்தவளைக் கவனித்தார்.

"ஏனுங்..."

அது பாதியில் நின்றது.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. கிடாரில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினார்.

"புடிச்சேன் பாத்தீங்களா! கூப்பிட்டா, போயிட்டேன்!" என்று கத்தினார். ஹெட்போன் போட்டவர்களுக்குத் தாம் கத்துவது தெரியாது.

செலின் எழுந்து வந்தார். அவர் தலையிலிருந்து ஹெட்போனை மெதுவாக எடுத்தார்.

சமையலறையில் ஏதோ கனமான பாத்திரம் தரையில் இறங்கியது.

"கூப்பிட்டியா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆயிருச்சுங்க," என்றது உள்ளிருந்து குரல். "நானே எறக்கிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் என்று எனக்குப் படுகிறது.

செலின் வயிறாரச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கை கழுவினார். பிறகு நாச்சிமுத்துவின் கிடாரை எடுத்து உறையில் போட்டுத் தோளில் மாட்டினார்.

"டீச்சர், அது என்னுதுங்க."

"தெரியும் சார்."

"விழா பக்கத்துல வந்திருச்சுங்களே! நான் எதை வெச்சுங்க பழகறது?"

செலின் வாசலில் செருப்பை மாட்டினார். தாடையால் சமையலறைப் பக்கம் ஒரு தடவை காட்டினார்.

"அக்கா, தயிர் பிரமாதம்!" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

போய்விட்டார்.

*

கிடார் இல்லாத வீட்டில் நாச்சிமுத்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெட்ரோனோமைப் போட்டுப் பார்த்தார். கூட வாசிக்க ஒன்றும் இல்லாமல் அது மட்டும் 'டக் டக்' என்றது. எரிச்சலாக இருந்தது. நிறுத்தினார்.

வீடு அமைதியானது. அமைதியானதும் வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தன.

"ஏனுங்க."

எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சமையலறைக்குப் போனார்.

"என்ன?"

"ஆயிருச்சுங்க."

மறுபடி ஒரு முறை. போனார்.

"ஆயிருச்சுங்க."

இந்த வார்த்தை நாச்சிமுத்துவைக் குத்தியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் துளசிமணி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மேல் அலமாரி டப்பாவை ஸ்டூல் போட்டு எடுத்திருக்கிறார். கேஸ் சிலிண்டரைக் காலால் உருட்டியிருக்கிறார். எல்லாம் ஆகிவிட்டிருக்கிறது.

அடுத்த முறை கண்ணாடியைத் தேடவில்லை. டப்பாவை எட்டி எடுத்துக் கொடுத்தார். துளசிமணி அதை வாங்கிக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

போகப்போக நாச்சிமுத்துவுக்கு ஒன்று தெரிந்தது. எல்லா 'ஏனுங்க'வும் ஒன்றல்ல. உயரத்தில் இருக்கும் டப்பாவுக்கு என்றால் கடைசியில் கொஞ்சம் நீளும். வாசலில் யாராவது வந்துவிட்டால் வெட்டென்று விழும். பல்லிக்கு ஒன்று உண்டு. அதைத் தெருவே கேட்கும்.

கீழ்க்குரலில் ஒன்று இருந்தது. அது எதற்கென்று மட்டும் பிடிபடவில்லை.

கூப்பிடுவதற்கு முன்னால் காய் நறுக்குகிற சத்தம் நிற்கும். ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம்தான் குரல். அந்த மூச்சிலேயே நாச்சிமுத்து பேப்பரை மடிக்கப் பழகிவிட்டார்.

ஒரு மத்தியானம் கத்திச் சத்தம் நின்றது. அவர் எழுந்தார்.

"ஏனுங்க."

அந்தக் கீழ்க்குரல்தான். துளசிமணி திரும்பிப் பார்த்தால் நாச்சிமுத்து சமையலறை வாசற்படியில் நின்றார்.

"அட! இங்கதான் இருக்கீங்களா?"

"கூப்பிட்டியே."

"ஆமாங்க."

"என்ன வேணும்?"

துளசிமணி யோசித்தார். மேலே அலமாரியைப் பார்த்தார். கீழே பார்த்தார்.

"ஒண்ணும் வேண்டாங்க. சும்மா கூப்பிட்டேன்."

"இதுக்கு முன்னாலயும் இந்த மாதிரிக் கூப்பிடுவியே... கீழ்க்குரல்ல?"

"அதுவும் சும்மாதானுங்க."

நாச்சிமுத்து போகாமல் அங்கேயே நின்றார். துளசிமணி கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? வீட்டுக்குள்ள நான் கூப்பிட்டு நீங்க வரலைன்னா பரவால்லீங்க. நானே பாத்துக்குவேன். அத்தனை சனத்துக்கு முன்னால நடுவுல நின்னு கூப்பிட்டு, நீங்க வரலைன்னா? அப்ப நான் எங்கீங்க போறது? எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் டீச்சரைக் கேட்டேன்."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. நல்ல வேளை, வெங்காயம் இருந்தது. முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார்.

துளசிமணி தடுக்கவில்லை. அவர் நறுக்கிய வெங்காயம் ஒன்றுக்கொன்று அளவு வித்தியாசமாக இருந்தது. துளசிமணி அதை அப்படியே வாணலியில் போட்டார்.

*

வகுப்புக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.

செலின் உறையிலிருந்து கிடாரை எடுத்து நீட்டினார்.

"ஒரு கம்பி புதுசு போட்டிருக்கேன் சார்."

நாச்சிமுத்து வாங்கிக்கொண்டார். துளசிமணி ஷூ வாரை இறுக்கினார். யார் யாருக்கு வாசிப்பது என்று யாரும் பேசவில்லை. செலின் ஓரமாக உட்கார்ந்து மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து தொடங்கினார். துளசிமணி நடந்து வந்தார்.

தரையில் இருந்த புள்ளியை நாச்சிமுத்து பார்க்கவில்லை. துளசிமணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, ஏழிலோ எட்டிலோ, எண்ணிக்கை விட்டுப்போனது. உதடு நின்றது.

துளசிமணி ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

சுவர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவர் பிடிக்கவில்லை. தூக்கிய காலோடு நின்று, நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

ஒரு மூச்சு.

கால் இறங்கியது. கிடாரும் அங்கே இருந்தது.

அப்புறம் துளசிமணி கூப்பிட்டார். நாச்சிமுத்து போனார். இன்னொரு மூலையில் போய்க் கூப்பிட்டார். அங்கேயும் போனார். துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே நிறுத்தவேண்டும் என்று தோன்றியதோ அங்கே நிறுத்தினார். கம்பியின் மேல் நாச்சிமுத்துவின் உள்ளங்கை விழுந்தது.

கீழே டயருக்குக் காற்றுப் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர்," என்றார் நாச்சிமுத்து. "நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சுங்க. பன்னெண்டுல லேட்டா வந்தனுங்களா?"

"என்னை ஏன் சார் கேக்கறீங்க?"

நாச்சிமுத்து திரும்பினார்.

துளசிமணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தார். கிடாரோடு உட்கார்ந்திருந்த புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

"விழாவுக்கு இந்தக் கட்டம் போட்ட சட்டை வேண்டாங்க," என்றார். "என்னோட பாவாடை செவப்பு. உங்களுக்குக் கருப்புல ஒண்ணு எடுத்துக்கலாம்."